ரேடியேட்டர் ஃபேனும் இரண்டு வாய்தாவும்

எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. இரண்டு பேரிடம் ஓடிவிட்டு மூன்றாவதாக எங்களிடம் வந்தது. சிதம்பரத்திலும் கடலூரிலும் இருக்கும் ஏழெட்டுத் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கினோம். கிராமங்களில் அதற்குக் "கோர்ட்டு வண்டி" என்றே பெயர். வன்கொடுமை வழக்குகளில் சாட்சி சொல்லப் போகிறவர்களைக் கடலூர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி வீட்டில் விடுவதுதான் அதன் முக்கியமான வேலை.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாய்தா அன்று காலையில் சாட்சி நிற்கிற அதே நிறுத்தத்தில்தான் குற்றம் சாட்டப்பட்டவர்களும் நிற்பார்கள். ஒரே ஊர், ஒரே கோர்ட்டு, ஒரே பஸ். பின்சீட்டில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதை ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே வந்தவர், கூண்டில் ஏறியதும் பாதியை மறந்துவிடுவார். சில பேர் வழியிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதனால்தான் கார் வாங்கினோம்.

2025 ஜூன் மாதம், கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றங்கள் திறந்திருந்த நேரம். ஒரு வழக்கில் 65 வயது ஆயா ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய மகனை அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். ஆயா, அவருடைய மருமகள், நாங்கள் இரண்டு பேர் என்று காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நால்வழிச் சாலையில் வண்டி நன்றாகவே ஓடியது. சூட்டைக் காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. சிப்காட் தாண்டி கடலூர் முதுநகர் நெரிசலில் மாட்டிய ஐந்தாவது நிமிடம் முள் மேலே ஏறத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் சிவப்பில் நின்றது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினோம். எங்களில் ஒருவர் துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். ஆயா வண்டிக்குள்ளிருந்தே கத்தினார்.

"யப்பா, கைய வைக்காத! கொதிக்கிற குக்கர தொறப்பியா நீ?"

அன்று காலை எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அதன் காரணம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகவும் கொதிநீராகவும் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டால் கை சுடாத நிலைக்கு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

ஆயாவையும் மருமகளையும் ஒரு தோழரோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் வழக்கை ஒருமுறை கூப்பிட்டுவிட்டார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் 'பாஸ் ஓவர்' கேட்டு வைத்திருந்ததால் தப்பித்தோம். மதியம் ஆயா கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொன்னார். குறுக்கு விசாரணைக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

காரைக் கடலூரிலேயே ஒரு பட்டறையில் விட்டோம். பானெட்டைத் திறந்து பார்த்தவர், ஃபேன் சுற்றவில்லை என்றார். விரலால் ஒரு தட்டு தட்டினார். "மோட்டார் போச்சு, மாத்திடலாம்" என்றார். மோட்டாருக்கும் கூலிக்குமாகச் சேர்த்து 7,000 ரூபாய். வேறு எதையும் அவர் சோதிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாத விஷயம் என்பதால் வாயை மூடிக்கொண்டு பணம் கொடுத்தோம். அந்தப் பணம் அடுத்த நான்கைந்து வாய்தாக்களுக்கு டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் என்று வைத்திருந்தது. புது மோட்டார் சுற்றியது. பழைய மோட்டாரை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

மூன்று வாரம் கழித்து அதே ஆட்கள், அதே வண்டி. புதுச்சத்திரம் அருகே சாலை வேலை. ஒரு பக்கத்தை நிறுத்தி நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புது மோட்டார் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் யாரும் முள்ளைப் பார்க்கவில்லை. வண்டி தானாக நின்ற பிறகுதான் பார்த்தோம். இந்த முறை கூலன்ட் பாதி சாலையில் கொட்டியிருந்தது.

ஆட்டோ கிடைக்காத இடம். கை காட்டியதில் ஒரே ஒரு பஸ் நின்றது. ஆயா படியில் ஒரு காலை வைத்தவர் இறங்கிவிட்டார். உள்ளே எதிர்த்தரப்பு ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அவனுங்க மூஞ்சியப் பாத்துக்கினு நா வரல தம்பி" என்றார். பஸ் போய்விட்டது. வேறு வண்டி பிடித்து நாங்கள் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. சாட்சி வரவில்லை என்று வழக்கு ஆறு வாரம் தள்ளிப்போயிருந்தது.

மரத்தடியில் உட்கார்ந்து ஆயா சொன்னதை எங்களால் மறக்க முடியாது. "ஒங்களுக்கு ஆறு வாரம். நா தெனமும் தண்ணி புடிக்க அவனுங்க வூட்டத் தாண்டித்தான போவணும்."

குறுக்கு விசாரணைக்கு முன்னால் கிடைக்கிற ஆறு வாரம் எதிர்த்தரப்புக்கு எவ்வளவு பெரிய பரிசு என்பது நீதிமன்றம் பக்கம் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். சமாதானம் பேச ஆள் வரும். பணம் வரும். மிரட்டல் வரும். இத்தனைக்கும் வழிவிட்டது, காரின் ஃபேன் ஏன் சுற்றவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் நாங்கள் கொடுத்த 7,000 ரூபாய்.

வண்டியை இழுத்துக்கொண்டு சிதம்பரம் வந்தோம். அங்கே கார் வயரிங் வேலை பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறார். நம் காலனிப் பிள்ளை. பதினைந்து வயதில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவரை இரண்டு வருஷம் வண்டி கழுவ மட்டுமே விட்டிருக்கிறார்கள். வயரிங் சொல்லிக்கொடுத்தது அவருக்குப் பிறகு சேர்ந்த வேறு பையன்களுக்கு. இவர் வண்டி கழுவிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டார். அதனாலோ என்னவோ, யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கிறார்.

அவர் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகள்தான்.

"ரோட்டுல ஓடுறப்ப சூடு ஏறுதாண்ணே, நிக்கிறப்ப ஏறுதா?"

நிற்கும்போது என்றோம்.

"தண்ணி தானா கொறையுதா?" இல்லை, கொதித்த அன்று மட்டும்தான்.

"ஏ.சி. போட்டா ஃபேன் ஓடுதா?" நாங்கள் பார்த்ததில்லை.

"வண்டி வெள்ளத்துல நின்னுச்சா?"

அந்தக் கேள்வியில் திகைத்துப் போனோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூருக்குள் வந்தபோது, இந்தக் கார் ஒரு தோழரின் தெருவில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. ஆட்களை மீட்பதில் காரை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆனது. அதோடு மறந்துவிட்டோம்.

"சரி, அப்ப வழியப் பாக்கலாம்" என்றார். அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறோம். பழைய வண்டி வைத்து இயக்க வேலை செய்கிறவர்கள், வாடகைக்கு வண்டி ஓட்டிக்கொண்டே படிக்கிற மாணவர்கள், எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் ஃபேன் எதற்கு என்று சொன்னார். வண்டி 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிரே வருகிற காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நெரிசலிலோ ரயில்வே கேட்டிலோ நிற்கும்போதுதான் ஃபேன் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். பழைய அம்பாசிடரில் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருக்கும். இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். இப்போதைய சிறு கார்களில் அது தனி மின்மோட்டார். கூலன்ட் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் சென்சார் தகவல் சொல்லும், ரிலே இணைப்புக் கொடுக்கும், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, ரிலே வழியாக மோட்டாருக்குக் கரண்டு வரும். மோட்டாரிலிருந்து எர்த் வயர் வழியாக வண்டியின் உடம்புக்குப் போய் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும். இந்த வட்டத்தில் எங்கே அறுந்தாலும் ஃபேன் நிற்கும். சுற்றாமல் நிற்பது மோட்டார் என்பதாலேயே கோளாறும் மோட்டாரில்தான் என்று ஆகாது.

ஒன்று, கூலன்ட். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு அளவு பார்த்தார். குறைந்திருந்ததை நிரப்பினார். கூலன்ட் மிகவும் குறைந்துபோனால் சென்சார் நீரில் நனையாமல் காற்றில் நிற்கும். இன்ஜின் எரிந்தாலும் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனையும் போடச் சொல்லாது.

இரண்டு, ஃபியூஸ். எங்கள் வண்டியில் ஃபேனுக்கு 30 ஆம்பியர். நன்றாக இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை சொன்னார். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்ற வேண்டும். திரும்பவும் போனால் பெரிய ஃபியூஸ் போடக் கூடாது, கம்பி சுற்றக் கூடாது. வயர் உருகித் தீப்பிடிக்கும். மறுபடி போகிற ஃபியூஸ், வேறு எங்கோ இருக்கும் கோளாறைத்தான் சொல்கிறது.

மூன்று, ஏ.சி. சோதனை. பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டால் இன்ஜின் சூடாகாவிட்டாலும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும். ஏ.சி.யில் சுற்றி, சூட்டில் சுற்றாவிட்டால் சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகப்பட வேண்டும். இரண்டிலும் சுற்றாவிட்டால் கோளாறு ரிலே, மோட்டார், வயர் பக்கம். எங்கள் வண்டியில் ஏ.சி. போட்டதும் ரிலே "டிக்" என்றது. ஃபேன் அசையவில்லை.

நான்கு, ரிலே. "டிக்" என்ற சத்தம் வந்ததால் மட்டும் ரிலே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது, உள்ளே முனைகள் கருகியிருக்கலாம் என்றார். அதே பெட்டியில் இருந்த அதே மாதிரியான ஹாரன் ரிலேயைப் பிடுங்கி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மாற்றமில்லை. இதற்குச் செலவே கிடையாது.

ஐந்து, மோட்டார். கப்ளரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். புது மோட்டார் சீறிக்கொண்டு சுற்றியது. "பழசு எங்கண்ணே?" என்று கேட்டார். டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அதற்கும் அதே இரண்டு வயரைக் கொடுத்தார்.

பழைய மோட்டாரும் சுற்றியது.

கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை. அவரும் எங்களைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார்.

ஆறு, கரண்டு வருகிற வழி. கப்ளரை மாட்டி, ஏ.சி. போட்டு, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையை கப்ளரின் பிளஸ் வயரில் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதாவது பேட்டரி, ஃபியூஸ், ரிலே, வயர் என்று மோட்டார் வரை வழி சரியாக இருக்கிறது.

ஏழு, கரண்டு திரும்புகிற வழி. மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் வயரிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "இங்கதான்ணே நிக்குது. வந்த கரண்டு திரும்ப வழியில்ல" என்றார்.

முன் விளக்குக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில், எர்த் வயரை வண்டி உடம்போடு இறுக்குகிற போல்ட். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. வெள்ளத் தண்ணீர் செய்த வேலை. கடலோரக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனையில் புது வளையம் அடித்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். செலவு, அவருடைய கூலியோடு சேர்த்து 350 ரூபாய்.

மோட்டார் மாற்றியதும் மூன்று வாரம் ஏன் ஓடியது என்று கேட்டோம். கழற்றி மாட்டும்போது வயரை இழுத்திருப்பார்கள், எர்த் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், சாலையில் குலுங்கிக் குலுங்கி மறுபடி விட்டுப்போயிருக்கும் என்றார். மாற்றிய பிறகு ஓடியது என்பதால் மாற்றியதுதான் சரியான பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அதை நிரூபித்துப் பார்ப்பதில்லை.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் காத்திருந்தோம். முள் நடுவைக் கொஞ்சம் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்றியது. சூடு இறங்கியதும் தானாக நின்றது. மறுபடி சுற்றியது. இரண்டு முறை பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். வேலை முடிந்ததா என்பதையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் சிலவற்றையும் சொன்னார். சென்சாரைச் சந்தேகப்பட்டால், பல கார்களில் அதன் கப்ளரைக் கழற்றினாலே கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனைத் தொடர்ந்து ஓடவிடும். அப்படி ஓடினால் மோட்டாரும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். ஃபேன் சரியாகச் சுற்றியும் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துப்போன ரேடியேட்டர் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். அதனால் விரல், துண்டு, துப்பட்டா எதையும் அருகே கொண்டுபோகக் கூடாது. சிவப்பில் முள் நிற்கும்போது "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டவே கூடாது. அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், செலவு பல ஆயிரங்களில் நிற்கும். முள் ஏறத் தொடங்குகிற நேரத்திலேயே கவனித்தால் ஒரு வழி உண்டு. ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்து, புளோயரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி வண்டிக்குள் வந்துவிடும். வெந்துதான் போவோம், ஆனால் நெரிசலைத் தாண்டிவிடலாம். இது முன்பே தெரிந்திருந்தால், முள்ளையும் பார்த்திருந்தால், அந்த ஆறு வாரத்தை இழந்திருக்க மாட்டோம்.

அன்று இரவு சிதம்பரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அப்போது மருமகள் ஒரு கேள்வி கேட்டார். "ஏண்ணா, சாட்சி சொல்ல வர்றவங்களுக்கு கவருமெண்டுல வண்டி குடுக்க மாட்டாங்களா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொடுக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1995ஆம் ஆண்டு விதிகளில் விதி 11 இதைத்தான் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சிகள் எல்லோருக்கும் வீட்டிலிருந்து விசாரணை நடக்கும் இடத்துக்குப் போய்வர ரயில் கட்டணமோ, உண்மையில் ஆன பஸ் அல்லது டாக்சி கட்டணமோ தர வேண்டும். போக்குவரத்து ஏற்பாடு செய்வதோ, முழுச் செலவையும் திருப்பித் தருவதோ மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பெண்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் தாங்கள் விரும்பும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம், அவருக்கும் செலவு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்கு, விவசாயக் கூலிகளுக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை உண்டு. இதெல்லாம் உடனே, அதிகபட்சம் மூன்று நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. சாட்சிகளின் பாதுகாப்பும் பயணச் செலவும் இப்போது சட்டத்துக்குள்ளேயே உரிமையாக இருக்கின்றன.

இதை நாங்கள் பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆயாவுக்காக ஒருமுறைகூட எழுதிக் கேட்டதில்லை. கிடைக்காது என்று நாங்களே முடிவு செய்துவிட்டு, கார் வாங்கி, டீசல் போட்டு, மோட்டார் மாற்றிக்கொண்டிருந்தோம். பட்டறைக்காரர் செய்ததும் இதுதான். சோதித்துப் பார்க்காமலே முடிவு.

அடுத்த நாள் வழியைத் தேடினோம். விதியில் இருக்கிறது. யாரிடம் கேட்க வேண்டும்? எழுதிக் கொடுத்தோமா? பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோமா? நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் மூலம் சொன்னோமா? ஒவ்வொன்றாகப் பார்த்ததில், அறுந்திருந்தது முதல் இணைப்பிலேயே. நாங்கள் கேட்கவே இல்லை. ஆயா கைநாட்டு வைத்த மனு ஒன்று, மருமகள் எழுதிய பயண விவரம் ஒன்று, டாக்சி ரசீது, சம்மன் நகல். இவ்வளவுதான் தேவைப்பட்டது. பணம் மூன்று நாளில் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டிய பிறகு வந்தது. ஆனால் வந்தது. மற்ற வழக்குகளிலும் இப்போது முதல் வாய்தாவிலேயே மனு கொடுக்கிறோம். கொடுத்த மனு எங்கே நிற்கிறது என்று ஒருவர் நோட்டில் குறித்துவைக்கிறார்.

இளம் தோழர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஃபேன் தேவையில்லை. சம்பவம் நடந்த முதல் வாரத்தில் நம் போராட்டங்களும் அப்படித்தான். மறியல், ஆர்ப்பாட்டம், தலைவர்கள் வருகை, கேமராக்கள் என்று காற்று தானாக வந்துகொண்டிருக்கும். அப்புறம் வழக்கு நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் வேதிப் பொறியியல் படித்த முருகேசனும் அவர் மணந்துகொண்ட கண்ணகியும் கொல்லப்பட்டார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடுகள் தள்ளுபடியானது 2025 ஏப்ரலில். கிட்டத்தட்ட 22 வருஷம். அந்த வருஷங்களில் பெரும்பகுதி கூட்டமும் கோஷமும் இல்லாத சாதாரண நாட்கள். யாரோ ஒருவர் சாட்சியைக் கூட்டிப்போக வேண்டியிருந்த, நகல் மனு போட வேண்டியிருந்த, கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்க வேண்டியிருந்த நாட்கள்.

அந்த நாட்களுக்கான வேலை முகநூலில் வராது. அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். விதி 11ஐப் படிப்பதும் ஃபியூஸைக் கழற்றிப் பார்ப்பதும் எங்களுக்கு இப்போது ஒரே வகுப்பில் நடக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியே வந்து பானெட்டைத் திறந்துவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் பாதிப்பேர் பெண்கள். முதல் நாள் டெஸ்ட் லாம்ப்பைக் கையில் வாங்கியது ஆயாவின் மருமகள்.

ஆகஸ்ட் இறுதியில் குறுக்கு விசாரணை நடந்தது. இடையில் சமாதானம் பேச இரண்டு முறை ஆள் வந்ததை ஆயா எங்களிடம் சொன்னார், நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்தோம். அன்று காலை கடலூர் முதுநகரில் வழக்கமான நெரிசல். யாரும் பேசவில்லை. ஆயா பின்சீட்டிலிருந்து எட்டி முள்ளைப் பார்த்தார்.

"சுத்துதா?"

மருமகள் கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தார். முன்பக்கம் ஃபேன் சத்தம் கேட்டது.

"சுத்துது அத்தை."

பத்தரைக்கு வழக்கைக் கூப்பிட்டபோது ஆயா வாசலில் தயாராக நின்றிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒன்றே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். நின்றுகொண்டே பதில் சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. சொன்னதில் எதையும் மாற்றவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வண்டி ஓடுகிறது.

ஜெய்பீம்.